மருந்துச்சீட்டில் ஆப் எழுதும் ஊரும் மிஸ்டு கால் கொடுக்கும் ஊரும்

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரின் கேள்வி இது: “மருத்துவத்துக்கு செல்போனைப் பயன்படுத்துவதில் உலகத்தில் எந்தப் பகுதி முன்னால் இருக்கிறது? எதைத் தேடினாலும் கென்யா, தான்சானியா, ருவாண்டா என்றே வருகிறது. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆப்பிரிக்கா தாண்டிவிட்டதா? இந்தியா எங்கே? செமினாருக்கு வேண்டும்.” இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எங்கே அதிகம் என்பது ஒன்று. ஒரே போனை ஒவ்வொரு ஊரும் ஏன் வேறு வேறு வேலைக்கு வைத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சின்ன பதில்தான். இரண்டாவதில்தான் உங்கள் செமினாருக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியட்டும். சமூக மருத்துவம் படித்தேன். பதினாறு வருடமாகத் தாய்சேய் நலத் திட்டங்களையும் காசநோய்த் திட்டங்களையும் களத்தில் மதிப்பீடு செய்வதுதான் பிழைப்பு. பெரும்பகுதி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், நடுவில் பதினான்கு மாதம் மேற்குக் கென்யாவில். ஐரோப்பா, அமெரிக்கா, சீனா, பிரேசில் எல்லாம் படித்தும், அங்கே வேலை பார்க்கும் நண்பர்களைக் குடைந்தும் தெரிந்துகொண்டவை.

சரி, முதல் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஒரு சர்வே எடுத்து, 2011-ல் அறிக்கையாக வெளியிட்டது. நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் பதில் சொன்னதில், 83 சதவீத நாடுகள் செல்போன் வழியாக ஒரு சுகாதாரத் திட்டமாவது நடப்பதாகச் சொன்னன. பகுதிவாரியாகப் பார்த்தால் அதிகம் நடப்பது ஐரோப்பாவில், குறைவாக நடப்பது ஆப்பிரிக்காவில் என்று வந்தது. உங்கள் தேடலில் கிடைத்ததற்கு நேர் எதிர். ஏன் இப்படி? ஆப்பிரிக்காவில் நடக்கும் திட்டம் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியில் நடக்கிறது. நிதி கொடுத்தவருக்கு அறிக்கை வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்கட்டுரை வேண்டும், அதனால் ஒவ்வொரு மெசேஜும் எழுத்தில் பதிவாகிறது. டென்மார்க்கில் ஒரு பாட்டி போனிலேயே மருந்துச்சீட்டைப் புதுப்பிக்கிறார் என்றால் அதை யாரும் ‘திட்டம்’ என்று சொல்வதில்லை, கட்டுரையும் எழுதுவதில்லை. அது பால் பாக்கெட் வருவது மாதிரி ஆகிவிட்டது.

அதற்காக அந்த சர்வேயையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு நாட்டிலும் அதிகாரிகளும் நிபுணர்களும் உட்கார்ந்து “எங்களிடம் இது இருக்கிறது, அது இருக்கிறது” என்று தாங்களே டிக் அடித்தது அது. அதிகம் சொல்லப்பட்டது என்ன தெரியுமா? கால் சென்டரும் கட்டணமில்லாத அவசர எண்ணும். நம் ஊர் 104, 108 மாதிரி. ஒரே ஒரு ஹாட்லைன் வைத்திருக்கும் நாடும் ‘உண்டு’, நாடு முழுக்க மருந்துச்சீட்டையே போனில் கொண்டுவந்த நாடும் ‘உண்டு’. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். சொன்ன திட்டங்களில் பெரும்பகுதி சோதனை ஓட்டத்திலோ, முறைப்படுத்தாமலோ நடந்தவை. பலன் இருக்கிறதா என்று அளந்து பார்த்ததாகச் சொன்ன நாடுகள் 12 சதவீதம்தான். இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் என் மாணவர்களிடம் முதலில் சொல்வேன்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆப்பிரிக்காவிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அங்கே செய்ததில் ஒன்று இன்றைக்கும் எனக்குப் பிடித்தது. கென்யாவில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து தொடங்கிய 538 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை கிளினிக் நர்ஸிடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போகும். மெசேஜ் முழுவதும் ஒரே வார்த்தை: “மாம்போ?” ஸ்வாஹிலியில் “என்ன சேதி, எப்படி இருக்கே?” என்று அர்த்தம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் “சாவா” என்றோ “ஷிடா” என்றோ பதில் போட வேண்டும். (நம் காதில் ‘சாவா’ என்பது அபசகுனமாக விழும். அங்கே அதற்குச் ‘சரி, நலம்’ என்று பொருள். பிரச்சினை என்றால்தான் ‘ஷிடா’.) ஷிடா என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும், நர்ஸ் போன் போட்டுப் பேசுவார். ஒரு வருட முடிவில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் மெசேஜ் வாங்கியவர்களில் 62 சதவீதம், வாங்காதவர்களில் 50 சதவீதம். ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்கள் 57-க்கு 48.

அந்த மெசேஜில் எச்.ஐ.வி. என்ற சொல் இல்லை. மருந்து என்ற சொல்லும் இல்லை. வீட்டில் ஒரே போன், அதைக் கணவன் பார்ப்பான், கொழுந்தன் பார்ப்பான், பக்கத்துக் கடைக்காரர் சார்ஜ் போட்டுக் கொடுக்கும்போது அவரும் பார்ப்பார். “மாம்போ?” என்று இருந்தால் யார் பார்த்தாலும் ஒன்றுமில்லை. வாஷிங்டனில் உட்கார்ந்து ஓர் ஆப் வடிவமைப்பவருக்கு ‘தனியுரிமை’ என்றால் பாஸ்வேர்டு ஞாபகம் வரும். அங்கே தனியுரிமை என்பது எந்த வார்த்தையை எழுதாமல் விடுவது என்பதில் இருந்தது.

ஆனால் இதை வைத்து ‘எஸ்.எம்.எஸ். அனுப்பினால் மருந்து சாப்பிடுவார்கள்’ என்று ஸ்லைடு போட்டுவிடாதீர்கள். கென்யாவிலேயே 2011-ல் வந்த இன்னொரு ஆய்வில் வாரம் ஒரு மெசேஜ் பலன் தந்தது, தினம் ஒரு மெசேஜ் தரவில்லை. தினம் வந்தால் அது காலர் ட்யூன் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்போல. கேமரூனில் ஊக்க மெசேஜ் அனுப்பிப் பார்த்தார்கள், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே ‘மாம்போ’ முறையைப் பிற்பாடு நைரோபியில் ‘புது நோயாளிகளை ஒரு வருடம் சிகிச்சையில் தக்கவைக்க முடியுமா’ என்று சோதித்தபோது அதுவும் கைகொடுக்கவில்லை. முதல் ஆய்வில் வேலை செய்தது மெசேஜா, ‘ஷிடா’ என்றதும் கூப்பிட்ட நர்ஸா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. என் ஊகம் நர்ஸ் பக்கம். ஊகம்தான்.

ஆப்பிரிக்காவின் மற்ற உதாரணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். தான்சானியாவில் 2009-ல் மூன்று மாவட்டங்களில் மலேரியா மருந்து இருப்பை ஒவ்வொரு வாரமும் எஸ்.எம்.எஸ். மூலம் கேட்டார்கள். ஏதாவது ஒரு அளவு மாத்திரையாவது தீர்ந்துபோன நிலையங்கள் தொடக்கத்தில் 78 சதவீதம். இருபத்தோரு வாரத்தில் அது 26 ஆனது. நைஜீரியாவிலும் கானாவிலும் மருந்து அட்டையில் ஒரு பட்டை இருக்கும், ரீசார்ஜ் கார்டு மாதிரி சுரண்டினால் எண் வரும், அதை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அசலா போலியா என்று பதில் வரும். தார் எஸ் சலாமில் ஒரு மருத்துவமனை, பிரசவத்தில் ஏற்படும் ஃபிஸ்டுலாவுடன் (சிறுநீர் கசியும் துளை) ஒதுங்கி வாழும் கிராமத்துப் பெண்களுக்கு அறுவை சிகிச்சையை இலவசமாகவே வைத்திருந்தது. ஆனாலும் வரமாட்டார்கள், பஸ்ஸுக்குக் காசு இல்லை. எம்-பெசா என்ற செல்போன் பணம் 2007-ல் கென்யாவில் வந்து, தான்சானியாவுக்கும் பரவிய பிறகு, பஸ் கட்டணத்தைப் போனிலேயே அனுப்ப ஆரம்பித்தார்கள். மருந்து இல்லை, நம்பகமான கடை இல்லை, வண்டிக்காசு இல்லை. எந்தப் பள்ளம் ஆழமோ அதில் போனைப் போட்டு அடைத்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்கா இதில் கொஞ்சம் தனி. 2014 ஆகஸ்டில் மாம்கனெக்ட் என்று கர்ப்பிணிகளுக்கான மெசேஜ் திட்டத்தை அரசே தொடங்கியது. ஸ்மார்ட்போன் தேவையில்லை, நட்சத்திரக் குறி போட்டு ஒரு குறும் எண்ணை டயல் செய்தால் கர்ப்பிணி பதிவாகிவிடுவார். நாட்டின் அன்றைய பதினோரு ஆட்சிமொழிகளிலும் மெசேஜ் வரும். கிளினிக்கில் யாராவது திட்டினால் அதைப் புகாராகவும் அனுப்பலாம். நிதி முடிந்ததும் மூட்டை கட்டும் சோதனைத் திட்டங்களுக்கு நடுவில் இது தேசியத் திட்டமாக நின்றது. உகாண்டாவில் அப்படி மூட்டை கட்டுபவர்கள் பெருகிப்போய், 2012-ல் சுகாதார அமைச்சகமே “ஒருங்கிணைக்கும் வரை புதுத் திட்டம் எதுவும் வேண்டாம்” என்று தடை போட்டது. ருவாண்டாவில் போனில் டாக்டர் ஆலோசனை தந்த நிறுவனத்தில் இருபது லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள். லண்டனில் தாய் நிறுவனம் திவாலானதும் 2023-ல் அதுவும் மூடப்பட்டது. ஆகவே யாராவது ஆப்பிரிக்க உதாரணம் காட்டினால் ‘இது இப்போது நடக்கிறதா’ என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்தியா பக்கம் வந்தால், நம் கண்டுபிடிப்பு மிஸ்டு கால். ஆப்பிரிக்காவிலும் உண்டு, மேற்கே ‘ஃபிளாஷ்’ என்பார்கள், கிழக்கே ‘பீப்’ என்பார்கள். ஆனால் அதைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது 99டாட்ஸ் என்ற காசநோய் முறை. மாத்திரை அட்டையை ஒரு காகித உறையில் வைத்துக் கொடுப்பார்கள். மாத்திரையைப் பிதுக்கினால் உறையில் ஒளிந்திருக்கும் எண் வெளியே தெரியும். அதற்கு ஒரு இலவச அழைப்பு கொடுத்தால் அன்றைய டோஸ் சாப்பிட்டதாகக் கணக்கு. எந்த எண் எப்போது வெளிவரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சூட்சுமம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சென்னை, வேலூர், மும்பையில் ஏறத்தாழ அறுநூறு நோயாளிகளின் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்து ஒப்பிட்டபோது, கணக்கும் நிஜமும் நிறைய இடத்தில் ஒட்டவில்லை. சாப்பிட்டவர்கள் கூப்பிடாமல் விட்டிருந்தார்கள். சாப்பிடாத சிலர் சாப்பிட்டவர்களாகப் பதிவாகியிருந்தார்கள்.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நான் பார்த்த ஒரு பெரியவர், பீடி சுற்றுபவர், காலி உறைகளை மஞ்சள் பையில் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். போன் பேரனுடையது, பேரன் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும் ஆறு நாள் எண்களையும் வரிசையாக அடிக்கச் சொல்வார். ஒரு டோஸ் கூட விடாதவர். கம்ப்யூட்டர் திரையில் அவர் பெயருக்கு நேரே வாரம் முழுக்கச் சிவப்பு, ஞாயிறன்று மட்டும் பச்சை.

போன் யார் கையில் இருக்கிறது என்பதுதான் தெற்காசியாவின் பெரிய கதை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தானே பயன்படுத்தும் சொந்தச் செல்போன் உள்ள பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம். நாம் அனுப்பும் தாய்சேய் மெசேஜ் மற்ற 46 சதவீதத்துக்கு எங்கே போகிறது? ஒரு முறை வட மாவட்டக் கிராமம் ஒன்றில் கர்ப்பிணிகள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நானே கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து அழைப்பில் நான்கை ஆண்கள் எடுத்தார்கள். ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையில், பின்னால் கான்கிரீட் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “ஆமா சார், ஏதோ மாத்திரை மாத்திரைன்னு மெசேஜ் வரும். கம்பெனிக்காரன் அனுப்புறான்னு நினைச்சு அழிச்சிடுவேன்” என்றார். மனைவிக்கு ஏழாம் மாதம். அதே பட்டியலில் ஒரே எண் நாலைந்து பெயருக்கு நேரே இருந்தது. அடித்தால் அந்தக் கிராம சுகாதார செவிலியர் எடுக்கிறார், அவருடைய சொந்த எண். “என்ன சார் பண்றது, நம்பர் போடாம சாஃப்ட்வேர் அடுத்த பக்கமே போகாது” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது அவர் வாய்வழியாகத்தான்.

அதனால்தான் கில்காரி என்ற மத்திய அரசுத் திட்டத்தின் முடிவு எனக்கு ஓரளவு எதிர்பார்த்ததாகவே இருந்தது. 2016-ல் தொடங்கியது. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு குரல் அழைப்பு, மொத்தம் 72. படிக்கத் தெரியாதவருக்கும் எட்டட்டும் என்றுதான் குரல். மத்தியப் பிரதேசத்தில் ஐயாயிரம் பெண்களை வைத்து ஒழுங்கான ஆய்வு செய்தபோது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. நவீனக் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது மட்டும் கொஞ்சம் கூடியது. கணவனும் சேர்ந்து கேட்டதால் அது கூடியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. போன் அவன் கையில் இருந்ததும் ஒருவகையில் உதவியிருக்கலாம்.

சென்னைக்காரர்கள் பெருமைப்பட ஒன்றும் உண்டு. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு, 2013-ல் வந்தது. உணவு, நடை பற்றி அடிக்கடி எஸ்.எம்.எஸ். வாங்கியவர்களில் இரண்டு வருடத்தில் சர்க்கரை வந்தது 18 சதவீதம் பேருக்கு, வாங்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். அப்புறம் இந்தியாவிலும் பிரிட்டனிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அதே வழியில் பெரிய ஆய்வு செய்தார்கள், 2020-ல் வந்தது. குறிப்பிடும்படி பலன் இல்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்த ரத்தப் பரிசோதனையே இரண்டிலும் வேறு, அதனால் முதலாவதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டும் பேச்சாளரைக் கண்டால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

பணக்கார நாடுகளில் கதை வேறு. அங்கே போன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. நடுவில் நிற்பது சட்டமும் பில்லும். அமெரிக்காவில் டாக்டருக்கு உரிமம் மாநிலவாரியாக. கொரோனாவின்போது தளர்த்திய விதிகள் பிறகு திரும்ப வந்ததும், பக்கத்து மாநில டாக்டரிடம் வீடியோவில் பேச வேண்டிய நோயாளிகள் காரை ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய், ஏதோ ஒரு பார்க்கிங்கில் நிறுத்தி, காரிலிருந்தே பேசினார்கள். நோயாளி எந்த மண்ணில் இருக்கிறார் என்பதுதான் சட்டக் கேள்வி. டாக்டருக்கு ஆப்பில் மெசேஜ் அனுப்பிச் சந்தேகம் கேட்பதும் அங்கே சகஜம். அது கட்டுக்கடங்காமல் போய், 2022-ல் கிளீவ்லேண்ட் கிளினிக் போன்ற பெரிய மருத்துவமனைகள் டாக்டர் நேரம் ஒதுக்கிப் பதில் தரவேண்டிய மெசேஜுக்குக் கட்டணம் போட ஆரம்பித்தன.

ஜெர்மனி போன வழி எனக்குச் சுவாரசியமானது. 2019 கடைசியில் சட்டம் போட்டார்கள், 2020 அக்டோபரில் முதல் ஆப்கள் பட்டியலில் வந்தன. ஒன்று காதிரைச்சலுக்கு, ஒன்று பதற்றநோய்க்கு. டாக்டர் மருந்துச்சீட்டில் ஆப்பின் பெயரை எழுதுவார். காப்பீட்டு நிறுவனம் ஒரு குறியீட்டு எண் தரும். போட்டால் ஆப் திறக்கும், காசு காப்பீடு கொடுக்கும். ஆதாரம் முழுதாக இல்லாவிட்டாலும் ஒரு வருடம் தற்காலிகமாகப் பட்டியலில் இருந்துகொண்டே நிரூபிக்கலாம். அந்த வருட விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம் என்பதில் காப்பீட்டுக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். பிரிட்டனில் வேறு. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் ஆப்பை மக்கள் கூட்டமாக இறக்கிக்கொண்டது 2021-ல் தடுப்பூசிச் சான்றுக்காக. வந்தவர்கள் வாடிக்கை மருந்தை ஆர்டர் செய்யத் தங்கிவிட்டார்கள். மெசேஜ் சிகிச்சைக்கு உள்ளதிலேயே திடமான ஆதாரங்களில் ஒன்றும் அங்கிருந்துதான்: புகை நிறுத்த எஸ்.எம்.எஸ்., 5,800 பேர், 2011. ஆறு மாதம் கழித்து புகையை விட்டது எச்சில் பரிசோதனையில் உறுதியானவர்கள் 10.7 சதவீதம், புகை நிறுத்த மெசேஜ் வாங்காத குழுவில் 4.9.

தென்கொரியாவை மறக்காதீர்கள். போன் அதிகம் இருந்தால் போன் மருத்துவமும் அதிகம் இருக்கும் என்ற கணக்கை உடைப்பது அதுதான். கைக்குக் கை ஸ்மார்ட்போன் உள்ள அந்த நாட்டில் டாக்டர் நோயாளியைத் தொலைவிலிருந்து பார்ப்பது 2020 பிப்ரவரி வரை சட்டவிரோதம். டாக்டர்கள் சங்கமே எதிர்த்தது. நம் நாட்டிலும் தெளிவான விதி வந்தது 2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அதே நாள். அதற்குப் பிறகு இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவத் தளம் கோடிக்கணக்கான ஆலோசனைகளைத் தொட்டது. ஆனால் அதில் பெரும்பகுதி நோயாளி தன் போனில் பேசியது இல்லை. கிராம நலவாழ்வு மையத்தில் ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திரையில் டாக்டரைப் பார்த்தது.

சீனாவிலும் பிரேசிலிலும் அரசு யோசிக்கும் முன்பே மக்கள் தங்கள் கையில் இருந்த ஆப்பில் மருத்துவத்தை ஏற்றிவிட்டார்கள். பிரேசிலில் அது வாட்ஸ்அப். 2015-ல் டாக்டர்களிடம் எடுத்த ஒரு சர்வேயில், நோயாளியுடன் வாட்ஸ்அப்பில் பேசுவதாகச் சொன்னவர்கள் பிரேசிலில் 87 சதவீதம், பிரிட்டனில் 2 சதவீதம். நம் ஊர்க் குழந்தைகள் டாக்டர்களைக் கேட்டால் பிரேசில் பக்கம்தான் சாய்வார்கள் என்று நினைக்கிறேன், ராத்திரி பதினொன்றுக்கு வரும் மலத்தின் போட்டோக்கள் சாட்சி. சீனாவில் பெரிய மருத்துவமனை டோக்கனுக்கு விடியற்காலை வரிசை, அதில் இடம் பிடித்து விற்கும் தரகர்கள். அந்த வலிக்குத்தான் அவர்கள் ஊர் வாட்ஸ்அப்பான வீசாட்டில் முன்பதிவு மருந்தானது. வரிசை போனது, ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர் மாட்டிக்கொண்டார். இலங்கைத் தமிழர்களுக்கு இந்த முன்பதிவு புதிதே இல்லை. ஸ்பெஷலிஸ்ட்டை ‘சேனல் பண்ணுவது’ என்ற சொல்லே அவர்கள் வீட்டுப் பேச்சில் புழங்குகிறது. போனில் ஒரு குறும் எண் அடித்து டாக்டரைச் சேனல் பண்ணுவது அங்கே வெகு நாள் வழக்கம்.

உறுதியாக என்ன சொல்லலாம் என்று கேட்டால்: அப்பாயின்ட்மென்டை எஸ்.எம்.எஸ். மூலம் நினைவூட்டினால் வருகை கூடும், போன் போட்டு நினைவூட்டுவதற்கு நிகராக, குறைந்த செலவில். இதற்குப் பல ஆய்வுகளைத் தொகுத்த ஆதாரம் இருக்கிறது. புகை நிறுத்தத்துக்கும் இருக்கிறது. மருந்து ஒழுங்கு, கர்ப்பகாலப் பழக்கங்கள், சர்க்கரைத் தடுப்பு இவை எல்லாம் இடத்துக்கு இடம், ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. பதில் போட்டால் மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறாரா என்பது முக்கியம் என்று என் அனுபவம் சொல்கிறது, ஆய்வுகள் அந்தப் பக்கம் தலையாட்டுகின்றன, முத்திரை குத்தவில்லை. ‘எந்தக் கண்டம் முதலிடம்’ என்று தரவரிசை போட்டால் மட்டும் அது கட்டாயம் தப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே செமினாருக்கு உலக வரைபடம் போட்டுக் கண்டத்துக்கு ஒரு கலர் அடிக்காதீர்கள். 2009 சர்வே எண்ணைப் போடுவதானால் வருடத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அன்றைக்கு வாட்ஸ்அப் பிறந்து சில மாதம்தான். கென்யாவின் ‘மாம்போ’, ஜெர்மனியின் ஆப் சீட்டு, நம் மிஸ்டு கால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் காசு யார் கொடுத்தது, போன் யார் கையில், பதில் சொல்ல மறுமுனையில் யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கோவின் தளத்தில் ஒரே எண்ணில் நாலு பேர் தடுப்பூசிக்குப் பதியலாம் என்று விட்டிருந்தது, பிறகு ஆறாக்கினார்கள். போன் குடும்பத்துக்குப் பொது என்று ஒத்துக்கொண்ட அரிதான மென்பொருள் அது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் இன்னொன்று. இப்போது எந்த வார்டில் போஸ்டிங்கோ அங்கே பத்து கேஸ் ஷீட்டை எடுங்கள். வார்டு சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படுக்கைக்கும் போய், “இதில் இருக்கும் நம்பர் உங்களுடையதா, யாருடையது, அந்தப் போன் இப்போது எங்கே இருக்கிறது” என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. பிரசவ வார்டு கிடைத்தால் அங்கேயே செய்யுங்கள்.